ரெய்னோ அடைத்த வண்டிகள்

ரெய்னோ காங்காஸுக்குத் தண்ணீர்மேல் தனிப்பட்ட பகை உண்டு. முப்பத்தொரு வருடம் நகரத்துத் தண்ணீர் இலாகாவில் வேலை பார்த்தவர். பனிக்காலத்தில் தெருவுக்கடியில் குழாய் வெடித்தால் இடுப்பளவு குழிக்குள் இறங்கி, விரல் விறைக்க விறைக்க அடைத்துவிட்டுத்தான் மேலே வருவார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பகை ஆறவில்லை. யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் முதலில் சமையலறைக் குழாயை ஒரு முறுக்கு முறுக்கிப் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் போதகர் பாவமன்னிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பின்பக்கக் கழிப்பறையில் ஏதோ சொட்டுகிறது என்று எழுந்து போனவர், எல்லாம் முடிந்து காப்பி ஊற்றுகிற நேரத்துக்குத்தான் திரும்பி வந்தார். சட்டைக் கை முழங்கைவரை ஈரம். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

நான் வெர்னா. மிஷிகனின் வடகோடியில், ஏரிக்கரை முகாமில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். ரொட்டி, ஐஸ், தூண்டிலுக்குப் புழு. முகாமில் மொத்தம் பதின்மூன்று டிரெய்லர்கள். காரின் பின்னால் கட்டி இழுத்து வந்து, ஏரியைப் பார்த்து நிறுத்திய வீட்டு வண்டிகள். மே மாதம் பனி உருகியதும் வருவோம், அக்டோபரில் பூட்டிவிட்டுப் போவோம். பெயருக்குத்தான் சக்கரம்; பாதி வண்டிகள் இருபது வருடமாக இடத்தை விட்டு அசைந்ததில்லை. என்னுடையது நாலாம் எண். என் இரண்டாவது கணவர் விட்டுவிட்டுப் போனவற்றில் உருப்படியான ஒரே பொருள்.

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, தொழிலாளர் தினத்தன்று, ஆளுக்கொரு பதார்த்தம் செய்து எடுத்து வந்து பொதுமேசையில் வைத்துச் சாப்பிடுவோம். மறுநாள் காலை, முகாமுக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்ப் அறைக் கதவில் ரெய்னோ ஒரு காகிதம் ஒட்டுவார். மழைத் தண்ணீர் புகாமல் வண்டியை அடைத்துத் தர வேண்டும் என்பவர்கள் அதில் பேர் எழுத வேண்டும். பனி விழுவதற்குள் ஏணியையும் சிலிக்கான் பசை பிதுக்குகிற துப்பாக்கியையும் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வண்டியாக வருவார். கூரை இணைப்பு, ஜன்னல் ஓரம், விளக்கு ஓரம் எல்லாம் முடித்து, கடைசியில் மண்டியிட்டு, அலுமினியத் தகடு வண்டித் தரையோடு சேருகிற இடத்தில் சுற்றிலும் ஓடுகிற அடிப்பட்டையையும் ஒரு மயிரிழை விடாமல் அடைப்பார். கூலி வாங்க மாட்டார். கேக் வாங்குவார். நான் செய்கிற கேக்கைச் சுவரில் அடித்தால் சுவர்தான் உடையும். அதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி வாங்கிப் போவார்.

ரெய்னோ தன்னுடையதையும் சேர்த்துப் பன்னிரண்டு வண்டிகளை அடைத்தார். பதின்மூன்றாவது, ஒன்பதாம் எண், நார்ம் பூஷாருடையது. நார்ம் மரலாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ரெய்னோவை ஏணியோடு கண்டாலே கதவில் குறுக்கே நின்றுகொள்வார்.

"வண்டியும் கொஞ்சம் மூச்சு விடணும்ப்பா."

"மூச்சு விடறதுக்கு அதென்ன மாடா? சரி, உன் மெத்தை மேல சட்டி எதுக்கு இருக்கு?"

"சூப்பு வைக்க."

"மெத்தை மேலயா?"

"படுத்துக்கிட்டே குடிப்பேன். உனக்கென்ன?"

இருபது வருடமாக இதே பேச்சு. நார்மின் கூரை ஒழுகுகிறது என்பது ஏரியில் இருக்கிற மீனுக்கும் தெரியும். ஆனால் நார்ம் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அந்த வருடம் ஜூன் மாதம் ரெய்னோவின் மனைவி ஆர்டிஸ் ஒரு முடிவுக்கு வந்தாள். கேன்சஸில் இருக்கிற மகளைப் பார்க்க இலையுதிர் காலத்தில் போக வேண்டும், தங்கள் டிரெய்லரிலேயே போக வேண்டும். "ஹோட்டல்ல யாரோ படுத்த படுக்கையில படுக்க மாட்டேன். என் அடுப்புல நானே காப்பி போட்டுக் குடிச்சிக்கிட்டுப் போவேன்" என்றாள். அது பதினாறு அடி நீளமுள்ள பழைய அலுமினிய வண்டி. கல்யாணமான புதிதில் வாங்கியது, இருவருக்கும் அதன்மேல் உயிர். ரெய்னோ உற்சாகமாக இறங்கினார். சக்கரம் மாற்றினார், விளக்குக் கம்பிகளைப் புதிதாக இழுத்தார். தகட்டைத் தேய்த்துத் தேய்த்து, முகம் பார்த்துச் சவரம் செய்யலாம் என்கிற அளவுக்குக் கொண்டுவந்தார். புதுப் பைன் கட்டைகள்கூட வாங்கிக் கட்டிலுக்கடியில் அடுக்கிவிட்டார், எதற்காவது ஆகும் என்று.

ஒரே ஒரு குறை. கட்டில் மூலையில் கால் வைத்தால் தரை லேசாக அமுங்கியது. மூன்று வருடமாக ஆர்டிஸ் சொல்லிக்கொண்டிருந்தாள். "நீ கொஞ்சம் பெருத்திருக்க, அதான்" என்று ரெய்னோ சொல்லி, அந்த மூன்று வருடத்தில் சில இரவுகள் கட்டாந்தரையில் படுத்திருக்கிறார்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை. நான் அவர்களுக்கு ஐஸ் எடுத்துக்கொண்டு போனேன். ரெய்னோ ஏதோ முனகிப் பாடிக்கொண்டே கட்டில் பக்கத்து உள்சுவரின் பிளைவுட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆணிகள் வந்தன. பலகை வந்தது. பாட்டு நின்றது.

உள்ளே மேல்பாதி மரம் பழுப்பாக, ஆனால் கெட்டியாக இருந்தது. கீழே இறங்க இறங்கக் கறுத்துக்கொண்டே போய், தரையை ஒட்டிய குறுக்குச் சட்டம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரச் சாக்குமாதிரி ஏதோ கிடந்தது. ரெய்னோ ஸ்குரு டிரைவரை வைத்து மெதுவாக அழுத்தினார். கைப்பிடிவரை இறங்கியது. ஒரு துண்டை விரலால் எடுத்தார். பிழிந்தால் தண்ணீர் வந்தது. பூஞ்சை நாற்றத்தில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"கூரைலதான் எங்கயோ விட்டிருக்கேன்" என்று ஏணியில் ஏறினார். கூரையில் ஒரு கீறல் இல்லை. இறங்கி வந்து எதிர்ச்சுவரைக் கழற்றினார். பிறகு முன்சுவர். எல்லா இடத்திலும் அதே கதைதான். மேலே நன்றாக இருக்கிறது, கீழே மக்கிப் போயிருக்கிறது.

மத்தியானத்துக்குள் முகாமே வந்துவிட்டது. துக்க வீட்டுக்கு வருவதுபோல வந்து, எட்டிப் பார்த்து, தொப்பியைக் கழற்றி, ஆளுக்கொரு காரணம் சொல்லிவிட்டுப் போனார்கள். எறும்பு என்றார் ஒருவர். அந்தக் காலத்து மரமே மோசம் என்றார் இன்னொருவர். நார்ம் கடைசியாக வந்தார். இருபது வருடக் கேலிக்கெல்லாம் திருப்பிக் கொடுக்கப்போகிறார் என்று நான் எதிர்பார்த்தேன். பையில் கைவிட்டபடி நெடுநேரம் பார்த்தார்.

"அந்த அடிப்பட்டையில போட்ட பசைய அறுத்துப் பாரேன்" என்றார்.

"அது போன வருஷம் போட்டது. இன்னும் கல்லு மாதிரி இருக்கு."

"அதைத்தான் சொல்றேன்" என்று போய்விட்டார்.

ரெய்னோவுக்கு மனம் கேட்கவில்லை. சாப்பிடாமல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் மூலையில் மண்டியிட்டு, கத்தியை அடிப்பட்டைக்குக் கீழே செருகி, தான் போட்ட பசையை ஒரு சாண் நீளத்துக்கு அறுத்தார். ஆர்டிஸும் நானும் பக்கத்தில் நின்றோம். மழை பெய்து ஆறு நாள் ஆகியிருந்தது. அறுத்த இடத்திலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தது. முதலில் சொட்டாக, பிறகு சின்ன ஓடையாக. ரெய்னோ கைக்கு எட்டிய காப்பி டப்பாவை அடியில் வைத்தார். டப்பா நிறைந்தது. அப்புறமும் வந்துகொண்டிருந்தது.

அவர் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தார்.

"மேல எவ்வளவு அடைச்சாலும் எங்கயோ ஒரு சொட்டு உள்ள வரத்தான் செய்யும். வந்தா கீழ வழியா போயிடணும். அதுக்குத்தான் அந்த இடத்தைத் திறந்து வச்சுக் கட்டியிருக்கான்." "குழாயில சந்து இருந்தா அடைக்கணும். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். நான் போக வழியில்லாம பண்ணிட்டேன் ஆர்டிஸ்."

அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது இரக்கம் என்று சொல்ல ஆசைதான். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. எனக்கு வந்தது என் நாலாம் எண்.

"என்னுதையும் இப்படித்தான அடைச்ச?"

"ஆமா."

"எத்தனை வருஷமா?"

"பத்தொன்பது."

திரும்பிப் பார்க்காமல் என் வண்டிக்கு நடந்தேன்.

அன்று மாலை அவர் நார்மின் வண்டிக் கதவைத் தட்டினார் என்று பிறகு ஆர்டிஸ் சொன்னாள். ஒரே ஒரு பலகையைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேட்டாராம். நார்ம் வழிவிட்டார். உள்ளே தண்ணீர் இறங்கிய தடம் கோடு கோடாக இருந்தது. ஆனால் அடிச்சட்டத்தை ரெய்னோ விரல் முட்டியால் தட்டியபோது டொக் டொக் என்று சத்தம் கேட்டது. வந்த தண்ணீர் வந்த வேகத்தில் கீழே போய்விட்டிருக்கிறது. நார்ம் கேலி செய்யாமல் பலகையைத் திரும்ப மாட்ட உதவினாராம். அதுதான் ரெய்னோவுக்கு அதிகம் வலித்ததாம்.

தொழிலாளர் தினத்துக்குப் பத்து நாள் இருந்தது. ரெய்னோ ஒரு யோசனை வைத்திருந்தார். இந்த வருடம் வழக்கம்போலக் காகிதம் ஒட்டுவது. ஏணியோடு போவது. மேலே அடைப்பது. கீழே மண்டியிடும்போது யாருக்கும் தெரியாமல் கத்தியால் அறுத்துவிடுவது. வண்டி பிழைக்கும், பேரும் பிழைக்கும். அந்தப் பேர்தான் அவருக்குச் சொத்து. 'ரெய்னோ அடைச்சா அடைச்சதுதான்' என்று அடுத்த முகாமில்கூடச் சொல்வார்கள். மூன்று நாள் இதையே ஆர்டிஸிடம் விதவிதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள்.

"அழுகிப்போன கட்டைய யாரு மாத்துவா?"

"அது அவங்களுக்குத் தெரியறப்போ தெரியட்டும்."

"வருஷா வருஷம் கேக் வாங்கித் தின்னல்ல? எழுந்து நின்னு சொல்லு."

தொழிலாளர் தினம் வந்தது. மேசையில் புகைபோட்ட மீன், உருளைக்கிழங்கு சாலட், இறைச்சி அடைத்த பேஸ்டி. நான் ரெய்னோ பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன். ஆறாம் எண் டுவைட் ஹாஃப்மேன் கத்தியும் தட்டுமாக மேசையைச் சுற்றி வந்தவர், மூடிவைத்த கேக் தட்டு ஒன்றைத் திறந்து பார்த்தார்.

"இது யார் கொண்டுவந்தது? சாக்லேட் கேக்கா?"

"வெட்டாத டுவைட்" என்று ரெய்னோ எழுந்தார். "அது என் வண்டியோட அடிச்சட்டம்."

கறுப்பாக, ஈரமாக, ஒரு முழ நீளத் துண்டு. யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். ரெய்னோ பேச்சுக்குப் பழக்கப்பட்டவர் இல்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுப்புவாரைப் பிடித்துக்கொண்டார்.

"இதை அழுக வச்சது நான். அடிப்பட்டைய அடைச்சிருக்கக் கூடாது. எனக்குத் தெரியல. தெரியாமலே உங்க வண்டியையும் அப்படியே அடைச்சேன். உங்க வண்டியிலயும் தண்ணி நிக்குது. நாளைக்குக் காலையில எப்பவும் போலக் காகிதம் ஒட்டுவேன். பேர் எழுதினவங்க வண்டிய நானே திறந்து, கெட்டுப்போன கட்டைய மாத்தித் தரேன். கட்டை என்கிட்ட இருக்கு. என்னை நம்ப முடியாதுன்னா வேற ஆளை வச்சாவது அந்தப் பசைய அறுத்துடுங்க. அது மட்டும் போதும்."

டுவைட் கேக் தட்டை மூடினார்.

"போன மாசம் என் பொண்டாட்டி கால் தரையைப் பொத்துக்கிட்டு உள்ள போச்சு. டாக்டர்கிட்ட போனோம். எலி கடிச்சிருக்கும்னு நான் விஷம் வாங்கி வச்சேன். பதினஞ்சு வருஷமா உனக்குக் கேக்கோட மான்கறியும் குடுத்தேன் ரெய்னோ."

"ஆமா டுவைட்."

"நல்ல கறி."

"நல்ல கறிதான்."

டுவைட் தன் மீன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். பாதிச் சாப்பாடு அப்படியே மிச்சம். கட்டை என்கிட்ட இருக்கு என்று ரெய்னோ சொன்னது கேன்சஸ் போவதற்காக வாங்கி வைத்த பைன் கட்டை என்பது எனக்கும் ஆர்டிஸுக்கும்தான் தெரியும். ஆர்டிஸைப் பார்த்தேன். அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை காகிதம் பம்ப் அறைக் கதவில் இருந்தது. ஒன்று முதல் பன்னிரண்டுவரை வரிசை எண் போட்டு, பக்கத்தில் காலியாக. என் கடை ஜன்னலிலிருந்து அந்தக் கதவு நன்றாகத் தெரியும். ரெய்னோ காப்பிக் கோப்பையோடு வந்தார். பம்பைப் பார்க்க வந்தவர்போல உள்ளே போய், வெளியே வந்து, காகிதத்தைப் பார்த்துவிட்டுப் போனார். புதன்கிழமையும் வந்தார். வியாழக்கிழமையும். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. ஒவ்வொரு நாளும் அவர் நடை கொஞ்சம் கூனியது.

அந்த மூன்று நாளும் நான் எழுதவில்லை. கோபம். வியாழக்கிழமை மத்தியானம் கடையை மூடிவிட்டு, ரொட்டி வெட்டுகிற கத்தியை எடுத்துப் போய் என் வண்டியின் மூலையை நானே அறுத்தேன். பழுப்புத் தண்ணீர் என் செருப்பில் ஊற்றியது. மண்ணில் அப்படியே உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல். அழுதது வண்டிக்காக என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கண்முன் வந்து நின்றது வேறு. என் இரண்டாவது கணவர் விட்டுப் போன அந்த வருடம், பட்டியலில் நான் பேரே எழுதவில்லை. எழுந்திருக்கவே மனமில்லாமல் கிடந்தேன். ஆலங்கட்டி விழுகிற ஒரு நாளில் கூரைமேல் சத்தம் கேட்டு வெளியே வந்தால், ரெய்னோ. கை இரண்டும் சிவந்து, மூக்கு ஒழுக, என் வண்டியை எல்லோருக்கும் முதலில் அடைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு அக்கறையோடு யாரும் எனக்குக் கெடுதல் செய்ததில்லை. என் கணவர்கள் இருவரும் அக்கறை இல்லாமலே செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பேனாவோடு பம்ப் அறைக்குப் போனேன். முதல் ஆளாக எழுத வேண்டும் என்று. ஆனால் முதல் வரியில் ஏற்கெனவே எழுதியிருந்தது, லாரிக்காரர்களின் கோணல் எழுத்தில்: 'நார்ம் பூஷார். ஒன்பதாம் எண். கூரை ஒழுகுகிறது. வந்து பார்.'

நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முகாமிலேயே ரெய்னோ கெடுக்காத ஒரே வண்டி. அடியில் என் பேரை எழுதிவிட்டு ஓடி வந்து ஜன்னலோரம் நின்றுகொண்டேன். டுவைட் வந்தார். கொஞ்ச நேரம் கதவை முறைத்தார். பெரிய பெரிய எழுத்தில் எழுதிவிட்டுப் போனார்: 'ஆறு. கேக் கிடையாது.'

பிறகு ரெய்னோ கோப்பையோடு வந்தார். நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். காப்பியைப் புல்லில் கொட்டிவிட்டு ஏணி எடுக்கப் போனார்.

ஒன்பதாம் எண்ணுக்கு நானும் போனேன். யார் போகாமல் இருப்பார்கள். ஆர்டிஸ் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். நார்ம் இந்த முறை கதவில் குறுக்கே நிற்கவில்லை, ஓரமாக நின்றார்.

"எத்தனை வருஷமா ஒழுகுது?" என்றார் ரெய்னோ.

"நீ கேக்க ஆரம்பிச்சதுக்கு முன்னாடியே."

"சட்டியில சூப்புன்னு சொன்னியே."

"சூப்புதான். மேலேருந்து வந்த சூப்பு." நார்ம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேல மட்டும் அடை. கீழ கை வைக்காத."

"வைக்க மாட்டேன்."

ஒரு மணி நேரம் கூரையில் வேலை செய்தார். பழைய பசையைச் சுரண்டி, துடைத்து, புதுசு போட்டு, விரலால் வழித்து. ஆர்டிஸ் கீழேயிருந்து, கேன்சஸ் எங்கேயும் ஓடிப்போகாது, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று எனக்குச் சொல்வதுபோல அவருக்குச் சொன்னாள். ரெய்னோ இறங்கினார். இறங்கியவர், இருபது வருடப் பழக்கம், பசைத் துப்பாக்கியும் கையுமாக நேராக வண்டியின் மூலைக்குப் போய் அடிப்பட்டைக்கு எதிரே மண்டியிட்டார்.

நார்ம் வாயைத் திறந்தார். ஆர்டிஸ் அவர் கையைப் பிடித்தாள்.

ரெய்னோ துப்பாக்கியைப் புல்லில் வைத்தார். ஆள்காட்டி விரலை அந்தச் சந்தில் நுழைத்து, மண்டியிட்டபடியே மெதுவாக நகர்ந்து, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தடவிக்கொண்டு போனார். எங்கேயும் அடைப்பு இல்லை. முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"வெர்னா, அடுத்தது உன்னுதுதான்" என்றார். "கத்திய மட்டும் எடுத்துக்கிட்டு வரேன்."